பிடுங்கிய அன்றே புதுப் பல்: யாருக்கு?

பொய் சொல்வதில் பல் பிடுங்குகிறவனை மிஞ்ச ஆளில்லை என்று பிரெஞ்சில் ஒரு சொலவடை உண்டு. 'மான்த்தீர் கொம் அன் அராஷேர் த தான்' என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நம் தலைமுறைக்கு இது பள்ளிக்கூடத்திலேயே காதில் விழுந்திருக்கும். சந்தைகளிலும் பாலங்களிலும் மேடை போட்டு, மேளம் தட்டி, 'வலிக்கவே வலிக்காது' என்று கூவியவர்களால் வந்த பெயர் அது. பாரீசில் போன் நெஃப் பாலத்தின்மேல் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'கிரான் தோமா', அதாவது பெரிய தோமா, என்று ஒருவர் கொடிகட்டிப் பறந்தார். 1729-இல் அரசருக்கு ஆண் வாரிசு பிறந்தபோது, அந்த மகிழ்ச்சியில் ஊருக்கெல்லாம் இலவசமாகப் பல் பிடுங்குவதாக அறிவித்தார் என்றால் பாருங்கள். இலவசம் என்றால் பல்லையும் கொடுக்க அன்றே ஆள் இருந்திருக்கிறது!

இப்போது நாளிதழுக்குள் செருகி வரும் துண்டறிக்கைகளில் 'காலையில் பல் எடுப்பு, மாலையில் புதுப் பல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இது தோமாவின் பொய்யல்ல. பல்லைப் பிடுங்கிய குழியிலேயே அன்றைக்கே டைட்டானியம் திருகை இறக்குவது மெய்யான, நல்ல வைத்தியம்தான். ஆனால் எல்லாருக்கும் செய்யலாமா என்பதைத் துண்டறிக்கை சொல்வதில்லை. 'தகுதி உள்ளவர்களுக்கு' என்ற ஒரு வார்த்தையைக் காணோம். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விண்ணப்பம் சரிபார்த்தவனுக்கு இப்படிப்பட்ட விடுபடல்தான் முதலில் கண்ணில் படும். அதனால் இதன் பூர்வ கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. பிடுங்கிய அன்றே பல் வைக்கும் ஆசைக்கு நானூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது. யாருக்கு வைக்கக் கூடாது என்ற அறிவு வந்து இருபது, முப்பது வருஷம்தான் ஆகிறது.

பிரெஞ்சு மன்னர்கள் நால்வருக்கு அறுவை வைத்தியராக இருந்த அம்ப்ருவாஸ் பரே 16-ஆம் நூற்றாண்டில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். ஓர் இளவரசி பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். உடனே தன் தோழிப் பெண் ஒருத்தியின் பல்லைப் பிடுங்கச் செய்து அந்தக் குழியில் வைத்துக்கொண்டாள். அது பிடித்துக்கொண்டது, பிறகு அதனாலேயே மென்று சாப்பிட்டாள் என்று கதை. பரே இதோடு விடவில்லை. இதை நம்பத் தகுந்த ஒருவர் சொல்லக் கேட்டேன், கண்ணால் பார்க்கவில்லை என்றும் குறித்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். தோழிப் பெண்ணின் வாய் என்னவாயிற்று என்று அவரும் எழுதவில்லை.

1728-இல் பியேர் ஃபொஷார் இரண்டு தொகுதிகளாக 'பல் அறுவை வைத்தியர்' என்ற நூலை வெளியிட்டார். இன்றைய பல் மருத்துவத்துக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு தேசிய நூலகம் இதை இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்து அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி இருக்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டியிருந்தது. பிடுங்கிய பல்லைத் திரும்ப அதே குழியில் வைப்பது, ஒருவர் பல்லை இன்னொருவருக்கு வைப்பது இரண்டையும் அவர் செய்திருக்கிறார். ஒரு ராணுவக் கேப்டன் தன் படையிலுள்ள சிப்பாய் ஒருவனை வரவழைத்து, அவன் பல்லைத் தனக்கு வைத்துக்கொண்ட கதையும் அதில் இருக்கிறது. சிப்பாயின் பல் பெரிதாக இருந்ததால் அராவிக் குறுக்கி வைத்தார்களாம். இளவரசிக்குத் தோழி, கேப்டனுக்குச் சிப்பாய். யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு அன்றைய விடை இதுதான்: யாருக்குக் கீழே ஆள் இருக்கிறதோ அவருக்கு.

லண்டனில் ஜான் ஹன்ட்டர் இதையே விஞ்ஞானம் ஆக்கப் பார்த்தார். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் பதித்து, அது ஒட்டிக்கொண்டதைக் காட்டினார். அந்தச் சேவல் தலை இன்றும் லண்டன் ஹன்ட்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனிதப் பற்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1771-இல் வந்தது. ஒற்றை வேர் உள்ள பற்களையே மாற்ற வேண்டும், வைக்கும் பல் குழியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, பல் கொடுக்கச் சிலரைத் தயாராக நிறுத்திக்கொள்ள வேண்டும், முதல் ஆளின் பல் பொருந்தாவிட்டால் அடுத்த ஆள் என்று விதிமுறைகள் வகுத்தார். பொருந்தாமல் போன பல்லைக் கொடுத்த ஏழைக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

தாமஸ் ரோலன்ட்சன் 1787-இல் இதைக் கேலிச்சித்திரமாகப் போட்டார். நடுவில் புகைபோக்கி துடைக்கும் பையன் பல்லைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் பட்டு உடுத்த சீமாட்டி காத்திருக்கிறாள். கடல் தாண்டியும் இந்த வியாபாரம் போயிற்று. லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வைத்தியம் பார்த்தவர். அடுத்தவர் பல்லை விலைக்கு வாங்குவதாக விளம்பரமும் செய்தவர். 1784-ஆம் வருஷத்து வாஷிங்டன் வீட்டுக் கணக்கில், கறுப்பின அடிமைகளிடமிருந்து 9 பற்கள் வாங்கியதற்குப் பணம் எழுதியிருக்கிறது, அந்தப் பிரெஞ்சுக்காரரின் பெயரோடு. கணக்குப் புத்தகம் பொய் சொல்லாது, வெட்கமும் படாது.

இப்படி வைத்த பற்கள் நிலைக்கவில்லை. சில மாதம், அதிகம் போனால் சில வருஷம். உடம்பு அந்த அந்நிய வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும், அல்லது குழி சீழ் பிடிக்கும். பல்லோடு மேகப்புண் நோயும் வந்ததாகப் புகார்கள் எழுந்தன. கிருமி என்ற ஒன்றே தெரியாத காலம். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த வழக்கம் மதிப்பிழந்தது.

அடுத்தவர் பல் வேண்டாம், உலோகம் வைப்போம் என்று எழுதியவரும் பிரெஞ்சு நாட்டில்தான் இருந்தார். 1809-இல் நான்சி நகரத்தில் மாஜியோலோ என்பவர் வெளியிட்ட கையேட்டில், பிடுங்கிய குழியிலேயே தங்க வேர் ஒன்றை இறக்கும் முறை இருக்கிறது. அதில் எனக்கு வியப்பாக இருந்தது அவருடைய பொறுமை. வேரை அன்றே வைத்தார், பல்லை அன்றே மாட்டவில்லை. ஈறு ஆறிய பிறகுதான் மேலே பல். வேரை வைப்பது வேறு, அதன்மேல் பல்லை ஏற்றிக் கடிக்க விடுவது வேறு என்பதை இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். இன்றைய துண்டறிக்கையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தங்கம் எலும்போடு ஒட்டவில்லை என்பது தனிக் கதை. அதற்குப் பிறகு பிளாட்டினம், ஈயம், கோபால்ட் கலவை என்று நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

1952-இல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்துதான் எல்லாம். 1965-இல் யோஸ்தா லார்சன் என்ற மனிதருக்குக் கீழ்த்தாடையில் டைட்டானிய வேர்களை வைத்தார். பிறவியிலேயே தாடை சரியாக அமையாதவர் அவர். 2006-இல் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அவர் அந்த வேர்களால்தான் சாப்பிட்டார்.

பிரோனமார்க் வகுத்த முறையில் அவசரத்துக்கே இடமில்லை. பல்லைப் பிடுங்கினால் குழி எலும்பாக மூடும்வரை மாதக்கணக்கில் காத்திரு. பிறகு திருகை இறக்கி ஈறை மேலே மூடித் தைத்துவிடு. கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் அதைத் தொடாதே. பிறகு ஈறைத் திறந்து பல்லை மாட்டு. மொத்தத்தில் ஒரு வருஷம் ஓடிவிடும். 1982-இல் கனடாவின் டொரோன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் இதை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்ட கையோடு, இவ்வளவு நாள் எதற்கு என்ற கேள்வியும் வந்துவிட்டது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் வில்லி ஷுல்ட்டே 1970-களிலேயே பீங்கான் மாதிரியான அலுமினிய ஆக்சைடு வேரைப் பிடுங்கிய குழியில் உடனே வைத்துக்கொண்டிருந்தார். 1989-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் லஸாரா, டைட்டானிய வேரை அன்றே வைத்து மேலே ஒரு மெல்லிய தடுப்புத் திரையைப் போர்த்தும் முறையை வெளியிட்டார். உடனே வேரை வைத்துவிட்டால் தாடை எலும்பு கரையாமல் நிற்கும் என்ற நம்பிக்கை அப்போது பலருக்கு இருந்தது. பல் போனால் எலும்பு தேய்கிறது. பல்லுக்குப் பதில் வேர் ஒன்று அங்கே இருந்தால் தேயாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அது சரியல்ல என்று 2004, 2005 வாக்கில் தெரிந்தது. இத்தாலியின் போத்திச்செல்லி, பிரேசிலின் அராவுஜோ, ஸ்வீடனின் லிண்டே முதலியோர் மனிதர்களிடமும் நாய்களிடமும் செய்த ஆய்வுகளில், திருகை உடனே இறக்கினாலும் குழியின் வெளிச்சுவர், அதாவது உதட்டுப் பக்கச் சுவர், தேயத்தான் செய்தது. காரணம் இது: பல்லைப் பிடித்து நிற்கும் எலும்பின் உள்படலம் பல்லுக்காகவே உண்டானது. பல்லிலிருந்து வரும் நார்கள் அதில் பதிந்திருக்கும். நம் அலுவலகத்தில் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தற்காலிகப் பணியிடம் உருவாக்குவார்களே, வேலை முடிந்த அன்றே பணியிடமும் காலாவதி ஆகிவிடும், அதுபோல. பல் போனால் அந்தப் படலமும் போகும். டைட்டானியம் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உத்தரவு நீடிக்காது. மேல் முன்பற்களில் இந்த வெளிச்சுவர் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுவரே இந்தப் படலம்தான் என்று சொல்லலாம்.

பிடுங்கிய கடைவாய்ப்பல் இடத்தில் தாடையின் அகலம் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்றும், அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடும் என்றும் 2003-இல் ஒரு டென்மார்க் ஆய்வு சொன்னது. ஆகவே ரொம்ப நாள் காத்திருப்பதும் நஷ்டம், எல்லாருக்கும் உடனே வைப்பதும் ஆபத்து. ஆளைப் பார்த்து, குழியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தகுதி என்ற பேச்சு இப்படித்தான் உண்மையாகவே ஆரம்பித்தது.

இப்போது பல் வைத்தியர்கள் முதலில் பார்ப்பது அந்த வெளிச்சுவரை. அது முழுசாக இருக்க வேண்டும். வேர் வெடித்தோ சீழ் வடிந்தோ சுவரில் ஓட்டை விழுந்திருந்தால் அன்றே வைப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனமல்ல. முகம் வீங்கிச் சீழ் கட்டியிருக்கும் நிலையில் அறவே கூடாது. ஈறு தடிப்பாக இருந்தால் நல்லது. மெல்லிய ஈறு நாளடைவில் மேலேறி, சிரிக்கும்போது உலோகம் தெரியும். குழியின் அடியைத் தாண்டி இன்னும் 3, 4 மில்லிமீட்டர் நல்ல எலும்பு இருக்க வேண்டும். ஏனென்றால் திருகு குழியைவிட மெலிசு. அடியிலுள்ள எலும்பைக் கவ்வித்தான் அது நிற்கிறது. முன்பல்லில் இது கிடைக்கும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், மேலே மூக்கை ஒட்டிய காற்றறை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் அடியில் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. இதையெல்லாம் சாதாரணத் தட்டைப் படத்தில் முழுசாகப் பார்க்க முடியாது. சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வேண்டும். அது எடுக்காமல் 'உங்களுக்கு இன்றே வைத்துவிடலாம்' என்று ஒருவர் சொன்னால், நான் எழுந்து வந்துவிடுவேன்.

திருகு அன்றே, பல்லும் அன்றே என்றால் நிபந்தனை இன்னும் கடுமை. திருகை இறக்கும்போது எலும்பு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று முறுக்கு அளக்கும் கருவியால் பார்ப்பார்கள். போதிய இறுக்கம் இல்லையென்றால் பல்லை மாட்டக் கூடாது. மாட்டினாலும் அன்று மாட்டுவது தற்காலிகப் பல். எதிர்ப்பல் அதில் படாதபடி அராவியிருப்பார்கள். அதனால் முறுக்கு கடிக்க முடியாது, பார்க்க மட்டுந்தான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது உடம்பு. வயது தடையா என்று கேட்டால், இல்லை. தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வைக்கக் கூடாது, எண்பதிலும் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. மூன்று மாத சராசரி எட்டைத் தாண்டி ஓடுகிறவர்கள் முதலில் அதைக் கீழே கொண்டுவர வேண்டும், புண் ஆறாது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத் தோல்வி கூடுதல். ஈறு நோயால் பல் ஆடி விழுந்தவர்கள் அந்த நோயைத் தீர்க்காமல் திருகு வைத்தால், பல்லுக்கு வந்ததே திருகுக்கும் வரும். முகத்திலோ கழுத்திலோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள் தாடையில் கை வைக்குமுன் அந்த வைத்தியரைக் கேட்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்குவதற்காக அதை நிறுத்தி, பக்கவாதத்தை விலைக்கு வாங்கக் கூடாது.

நம் வயதுக்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, அல்லது ஆறு மாதத்துக்கு, வருஷத்துக்கு ஒரு ஊசி. 2003-இல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிவதை முதலில் எச்சரித்தார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி போட்டவர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் சிறு அளவில் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். என்னோடு காலையில் கடற்கரையில் நடக்கும் நண்பரின் மனைவிக்கு 71 வயது. வருஷ ஊசி மூன்றாவது வருஷமாகப் போடுகிறார். பல் பார்க்கப் போன இடத்தில் சர்க்கரை கேட்டார்கள், பிரஷர் கேட்டார்கள், அன்றே வைத்துவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார்கள். ஊசியை யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போடுவது 'தினம் சாப்பிடும் மருந்து' என்ற கேள்விக்குள் வராதே! பையில் கிடந்த பழைய சீட்டை மகள் எடுத்து நீட்டியதால் விஷயம் வெளியே வந்தது. ஊசி போட்ட மருத்துவரோடு பேசி, பிறகு முடிவெடுப்பதென்று தள்ளி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போகும்போது நடப்பு மாத்திரைகளை மட்டுமல்ல, இரண்டு, மூன்று வருஷத்துச் சீட்டுகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள்.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்தால், நூறில் தொண்ணூறுக்கும் மேல் நிலைக்கிறது. அதனால் தகுதி இருக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஒரே அறுவையில் வேலை முடிகிறது, மாதங்கள் மிச்சம்.

தகுதி இல்லை என்று சொன்னாலும் அது நிராகரிப்பு அல்ல, ஒத்திவைப்புதான். 2004-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கை இதை நான்கு வகையாகப் பிரித்தது: பிடுங்கிய அன்றே, ஈறு மூடிய பின், 4 முதல் 8 வாரத்தில், எலும்பு பெருமளவு நிரம்பிய பின், 12 முதல் 16 வாரத்தில், முழுதும் ஆறிய பின். இதில் இரண்டாவது வகை, சீழ் பிடித்த முன்பல்லுக்கு நல்ல வழி என்று பல வைத்தியர்கள் கருதுகிறார்கள். நோய் வடிந்துவிடும், ஈறு மூடிவிடும், எலும்பும் இன்னும் அதிகம் கரைந்திருக்காது. அந்த இரண்டு மாதத்துக்குக் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் போட்டுக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை, ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.